நாற்பது வயதில் ஸ்பானர் பிடிக்கலாமா?

(கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீடு, மருத்துவ விடுப்பு என்று பேசிப் பழகிய இந்த மேடையில், இன்று கார் மெக்கானிக் தொழிலைப் பற்றிப் பேசும்படி கமிட்டியார் நம்மைப் பணித்திருக்கிறார்கள். ஸ்பானருக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. சம்பந்தம் உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம்.

நாம் வாழும் இந்த வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காலத்தில் பால்மரம் நின்றது. 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை இங்கே தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வியாபாரத்துக்காக நட்டார். இந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. பிறகு பால்மரம் சாயச் சாயச் செம்பனை எழுந்தது. இப்போது பல இடங்களில் செம்பனையும் சாய்ந்து, வீடமைப்புத் திட்டமும் தொழிற்சாலையும் எழும்புகின்றன. 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே பெஸ்தாரி ஜெயா என்று ஆகிவிட்டது. இத்தனை மாற்றத்திலும் தோட்டம் கைமாறும்போது மூட்டையைக் கட்டுகிறவன் தொழிலாளிதான்.

இது புதிய கதை அல்ல. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது நம் பெரியவர்கள் பட்ட பாட்டை வீட்டில் கேட்டிருப்பீர்கள். 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார். துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியின் காசிலேயே தோட்டம் வாங்கலாம் என்று காட்டினார். அது பெரிய காரியம். ஆனால் கூட்டுறவின் கைக்கு எட்டாத தோட்டங்கள் எத்தனை! அங்கிருந்து வெளியேறியவர்கள் பால் உளியைத் தவிர வேறு கருவி பிடித்ததில்லை. உளியோ பட்டணத்தில் செல்லாத காசு. அவர்கள் பட்டணத்தில் புறம்போக்குக் குடிசைக்குப் போனார்கள். கிடைத்த கூலிக்குப் போனார்கள்.

இன்று சட்டம் கொஞ்சம் துணை நிற்கிறது. 1980-ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு விதிமுறைப்படி, 5 ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால், ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். 20 ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம். கேட்கப் பெரிய தொகையாக இருக்கும். நாம் ஆபீசில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பணம் போகும் வழியையும் பார்த்திருக்கிறோம். மகள் கல்யாணம், பழைய கடன், வீட்டுக்கு முன்பணம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. எல்லாம் நியாயமான செலவே. ஆனால் 400 நாள் கழிந்த 401-ஆம் நாள் காலை அந்த மனிதர் எங்கே பெரட்டுக்குப் போவார்? அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாகத்தான் இந்த ஸ்பானரைப் பற்றிப் பேச வந்தோம்.

வயது ஒரு தடையா?

"எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறதே, இனிமேல் ஏறுமா?" என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் கேட்கிறார். போனவரும் கேட்கிறார்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை அறியாத தமிழர் குறைவு. 1893-இல் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தவர்; பள்ளிப் படிப்பு அதிகமில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதன்மேல் பைத்தியமாகிவிட்டார். ஓட்டலில் வேலைக்கு அமர்ந்து, இலை போட்டுப் பரிமாறி, காசு சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறிச் சவாரி போனதோடு நிற்கவில்லை. அக்கு அக்காகப் பிரித்துப் போட்டார், மறுபடி பூட்டினார். மெக்கானிக் ஆனார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்ஸிலிருந்து யூ.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி வளர்ந்தது. பொறியியல் படிப்புக்கு இத்தனை ஆண்டு எதற்கு என்று பிற்காலத்தில் வாதாடியவரும் அவரே.

அவர் பிறவி மேதை, நாம் அப்படியா என்பீர்கள். மேதை என்பது இருக்கட்டும். பரிமாறுகிற வேலையிலிருந்து பட்டறை வேலைக்குத் தாவியவர் என்பதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு ஒரு வசதி இருந்தது: பிரித்துப் போட்ட வண்டி அவருடைய சொந்த வண்டி. அடுத்தவன் வண்டியைப் பிரித்துப் பழக முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறோம்.

நம் நாட்டிலேயே இன்னொரு செய்தி உண்டு. 1939-இல் ஜப்பானியர் சீனக் கடற்கரையை அடைத்துவிட்டபோது, தான் கா கீ என்ற தலைவர் விடுத்த அழைப்பை ஏற்று, மலாயாவிலிருந்தும் சுற்றுப்புற நாடுகளிலிருந்தும் சுமார் 3,200 சீன டிரைவர்களும் மெக்கானிக்குகளும் பர்மா ரோட்டுக்குப் போனார்கள். மலைப் பாதையில் லாரி ஓட்டினார்கள், குண்டு விழும்போதே பழுது பார்த்தார்கள். பலர் திரும்பி வரவில்லை. ஒரு சமூகத்தில் பட்டறைத் தொழில் தெரிந்தவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கும், தவுக்கே கையிலிருந்து வேலைக்கார இளைஞன் கைக்கும் ஸ்பானர் மாறிக்கொண்டே வந்தது. நம் சமூகத்தில் கைமாறி வந்தது பால் உளி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த உளிக்குள் என்ன இருக்கிறது என்பதை நாம்தான் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை.

பால் வெட்டுகிறவருக்கு என்ன தெரியும்? பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய பசைப்படலத்தை உளி தொட்டுவிடக் கூடாது. தொட்டால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாக வீங்கிவிடும். அடுத்த சுற்றுக்கு அந்தப் பட்டை உதவாது. வெட்டு மேலாகவே போனாலோ பால் இறங்காது, ஏனென்றால் பால் குழாய்கள் நெருக்கமாக இருப்பது உள்பட்டையில்தான். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில், இருட்டு விலகாத நேரத்தில், கொசுக்கடியோடு, நூற்றுக்கணக்கான மரத்தை ஒரே ஆழத்தில் சீவிக்கொண்டு போகிறாரே, அதை எந்தக் கருவி வைத்து அளக்கிறார்? மணிக்கட்டுதான் அளக்கிறது.

இப்போது ஒரு இஞ்சினில் பிளக் பூட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் தலை அலுமினியம், மெதுவான உலோகம். பிளக்கை விரலால்தான் முதலில் திருகி உட்கார வைக்க வேண்டும். மரை கோணலாக ஏறுகிறதா என்பதை விரல் சொல்லிவிடும். அதைக் கேட்காமல் எடுத்த எடுப்பில் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் மரை நாசம். சில வெள்ளி பெறுமான பிளக்குக்காக இஞ்சின் தலையைக் கழற்ற வேண்டிவரும். தளர்வாக விட்டாலும் ஆகாது, வெடிப்பின் அழுத்தம் கசியும். இறுக்கும் அளவைக் காட்ட டார்க் ரெஞ்ச் என்ற கருவி இருக்கிறது. அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும். இருந்தாலும் "இதற்கு மேல் வேண்டாம்" என்று சொல்லும் மணிக்கட்டு இருக்கிறதே, அது பள்ளியில் கிடைக்காது. 20 வருடம் மரம் வெட்டியவரிடம் இருக்கிறது.

உளியைத் தீட்டி வைக்கும் பழக்கம், மங்கைக் கவிழ்த்து வைக்கும் ஒழுங்கு, விட்ட மரத்தை நினைவில் வைக்கும் திறமை, இவையெல்லாம் பட்டறையில் விலைபோகும் சரக்குகள்.

கிராணிமார் பக்கம் வருவோம். நாம் அந்த வர்க்கம் என்பதால் உண்மையைச் சொல்லலாம். நமக்குக் கை வராது. பேனா பிடித்த கைக்கு 17-ஆம் நம்பர் ஸ்பானர் கனக்கும். கிரீஸ் பட்டால் முகம் சுளிக்கும். ஆனால் படிக்க வரும். கார்க் கம்பெனியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவை வாசித்து, அட்டவணையைப் புரிந்து, எந்தச் சாமானுக்கு எந்த நம்பர் என்று எழுதி வைக்க வரும். ஸ்டோர் கணக்கு எழுதியவனுக்குப் பட்டறைச் சாமான் கணக்கு பெரிதல்ல.

தோட்டத்தில் கிராணி வீடு ஒரு பக்கம், லயம் ஒரு பக்கம். சங்கம்கூட வேறு வேறு. தொழிலாளருக்கு ஒன்று, ஆபீஸ் ஊழியருக்கு ஒன்று. இந்த வேலி பட்டறைக்குள் வரக் கூடாது என்பது நமது அபிப்பிராயம். ஒருவர் வாசிக்க, ஒருவர் பூட்ட, இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு மெக்கானிக். ஆறு மாதத்தில் வாசித்தவருக்குக் கை வரும். பூட்டியவருக்கு வாசிப்பு வரும்.

நாங்கள் பழகிய கஞ்சில்

இது வாய்ப்பந்தல் அல்ல. நாங்கள் சிலர் பங்கு போட்டு, ரோட்டில் ஓட முடியாத பழைய பெரோடுவா கஞ்சில் ஒன்றை வாங்கினோம். நாயுடு கதையில் சொன்னோமே, பிரித்துப் பழகச் சொந்த வண்டி வேண்டும் என்று, அதற்காக. கஞ்சில் 1994-இல் வெளிவந்த கார். நமக்குப் பக்கத்தில் செரண்டா சுங்கை சோவில்தான் அந்தத் தொழிற்சாலை. எங்கள் வண்டியின் இஞ்சின் 659 சிசி, மூன்றே சிலிண்டர், கார்புரேட்டர் உள்ளது. கம்ப்யூட்டர் மூளை எதுவும் கிடையாது. பாலர் வகுப்புக்கு அதைவிட நல்ல புத்தகம் இல்லை.

பால் வெட்டு காலையில் தொடங்கி மத்தியானத்தோடு முடிந்துவிடும். இது நம் தொழிலில் உள்ள பெரிய வசதி. பட்டணத்துத் தொழிற்சாலையில் 12 மணி நேரம் நிற்பவனுக்கு இது இல்லை. வேலையை விடாமல், லயத்து வீட்டையும் விடாமல், பிற்பகலில் பழகலாம். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்ற கட்டு நம் கழுத்தில் இருக்கும்வரை, எடுத்த எடுப்பில் வேலையை உதறிவிட்டுப் பட்டறைக்கு ஓடுங்கள் என்று நாம் யாருக்கும் சொல்ல மாட்டோம்.

முதல் மாதம் ஸ்பானரைத் தொடவேயில்லை. இஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்தோம். காற்றும் பெட்ரோலும் உள்ளே இழுக்கப்படுகின்றன. பிஸ்டன் மேலேறி அழுத்துகிறது. பிளக் பொறி கொடுக்க வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி மேலேறும்போது புகையை வெளியே தள்ளுகிறது. நான்கு ஓட்டம். அதற்குள் அச்சு இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 25 தடவை வெடிக்கிறது. எங்கள் வண்டியில் வரிசை 1, 2, 3. நான்கு சிலிண்டர் உள்ள பழைய புரோட்டோன் சாகாவில் 1, 3, 4, 2. இதை மனப்பாடம் செய்வது வித்தையல்ல. ஏன் அந்த வரிசை என்று கேட்கத் தொடங்கினால் அன்றைக்குத்தான் படிப்பு ஆரம்பம்.

ஒரு நாள் இஞ்சின் நின்ற இடத்திலேயே குதிரை மாதிரி உதறியது. கார்புரேட்டரை மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். இல்லை, கோயில் போய்விட்டது என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் பணம் வேண்டும். எங்களோடு 46 வயது வெட்டுக்கார அண்ணன் ஒருவர் இருக்கிறார், பேச்சுக் குறைவு. அவர் இஞ்சினை நிறுத்தி, சூடு ஆறவிட்டு, மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார். இரண்டு பிளக் காய்ந்து காப்பித்தூள் நிறத்தில் இருந்தன. நடுவில் இருந்தது மட்டும் கறுத்து, பெட்ரோலில் ஈரமாக இருந்தது. அந்தப் பிளக்கை ஒன்றாவது சிலிண்டருக்கும், ஒன்றாவதில் இருந்ததை நடுவுக்கும் மாற்றிப் போட்டார். மறுபடி ஓட்டி, நிறுத்தி, கழற்றிப் பார்த்தால் இப்போது ஒன்றாவது ஈரமாக இருக்கிறது, நடு காய்ந்திருக்கிறது. நோய் பிளக்கோடு நடந்து போய்விட்டது! அப்படியானால் கார்புரேட்டரும் குற்றவாளி அல்ல, கோயிலும் அல்ல. ஒரு பிளக்கோடு வேலை முடிந்தது.

"எப்படி அண்ணே தோன்றியது?" என்று கேட்டோம். "ஒரு நிரையில் ஒரு மரம் மட்டும் பால் விடாவிட்டால் மரத்தைப் பார்ப்போமா, வானத்தைப் பார்ப்போமா?" என்றார்.

இன்றைய பட்டறைகளில் இந்தப் பார்வை குறைந்துவருகிறது. சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பது, பில்லை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது என்பதே பல இடங்களில் வைத்தியம். புதிய கார்களில் ஸ்கேனர் என்ற கருவியைச் சொருகினால் அது ஒரு நம்பரைக் காட்டும். அந்த நம்பர் காட்டுவது எந்தப் பகுதியில் வலி என்பதைத்தான். காரணத்தை மனிதன்தான் தேட வேண்டும். வயது வந்தவன் கற்றுக்கொள்வதில் இருக்கும் பலம் இங்கேதான். அவனுக்கு அவசரம் குறைவு, காசின் அருமை தெரியும்.

ஆபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஸ்டாண்டு வைக்காத வண்டிக்கு அடியில் எங்கள் கூட்டத்தில் யாரும் போகக் கூடாது என்பது சட்டம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிடக் கூடாது. அந்தப் புகையில் மணமில்லாத நஞ்சு இருக்கிறது. பேட்டரியைக் கழற்றும்போது கழித்தல் குறியுள்ள முனையை முதலில் எடுக்க வேண்டும்.

தாய்மார்கள் இதைத் தங்களுக்கு அல்ல என்று எண்ணிக்கொண்டு பின்னால் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பால் வெட்டில் ஆணுக்குச் சமமாக நின்றவர்கள் நீங்கள். மின்கம்பி வேலை, பிரேக் வேலை எதிலும் மீசைக்கு வேலை இல்லை.

பட்டறைக்குள் போகும்போது

சொந்த வண்டியில் பழகியது அரிச்சுவடி. தொழில் வரவேண்டுமானால் பட்டறையில் நிற்க வேண்டும். அங்கேதான் நம்மவர் பலர் மனமுடைந்து திரும்புகிறார்கள். 40 வயதுக்காரரை 19 வயதுப் பையன் "அண்ணே, பன்னிரண்டு எடு, அது இல்லை, பதினாலு" என்று விரட்டுவான். தோட்டத்தில் தண்டலுக்கே பதில் பேசிய மனிதருக்கு இது முள்ளாகக் குத்தும். அந்தப் பையனிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வோம். அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. இதில் மானம் போக ஒன்றுமில்லை.

மானம் போகிற இடம் வேறு. எங்கள் தோழர் ஒருவர் ஒரு பட்டறையில் இரண்டு ஆண்டு வேலை செய்தார். பட்டறைப் பெயர் வேண்டாம். தரை கூட்டினார், சாமான் கழுவினார், பிறகு கிளட்ச்சும் பிரேக்கும் தனியாகப் பார்க்கும் அளவுக்கு வந்தார். கையில் கொடுத்ததைச் சம்பளம் என்று வாங்கிக்கொண்டார். சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை, ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அவர் கைவிரல் நசுங்கிய அன்றைக்குத்தான் தாம் அந்தப் பட்டறையில் வேலை செய்ததாக எந்தத் தாளிலும் இல்லை என்பது தெரிந்தது. தவுக்கே, "உதவிக்கு வந்தவர்" என்று சொல்லிவிட்டார்.

தோழர்களே, ஒரே ஒரு ஆளை வைத்து வேலை வாங்கினாலும் சேமநிதியும் சொக்சோவும் கட்ட வேண்டும் என்பது சட்டம். தொழில் பழகுநராகச் சேர்ந்தால் அதற்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். 2023 தொடக்கம் முதல் அமலில் உள்ள திருத்தத்தின்படி அந்தக் காலம் 6 மாதத்துக்குக் குறையவும் 24 மாதத்தை மிஞ்சவும் கூடாது. ஆண்டுக்கணக்கில் "பழகுகிறான்" என்று சொல்லி வேலை வாங்க இடமில்லை. சங்கத்தில் வளர்ந்த நாம் தோட்டத்து வாசலைத் தாண்டியதும் சங்கத்தில் படித்ததை மறந்துவிடக் கூடாது.

இனி, நாம் இங்கு வந்ததன் முக்கியமான காரியம். ஒரு நோட்டுப் புத்தகம்.

செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்! பட்டறையில் உங்களுக்கு நீங்களே செக்ரோல் எழுத வேண்டும். தேதி, வண்டி என்ன, என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தோம், என்ன செய்தோம், எது மாற்றினோம். நாளுக்கு ஐந்து வரி போதும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. இது எதற்கு?

இந்த நாட்டில் தொழில்திறனுக்குச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு 1971-லேயே ஒரு வாரியமாகத் தொடங்கியது. 1989-இல் அது தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் ஆயிற்று. இப்போது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தொழில்திறன் மேம்பாட்டு இலாகா அதைக் கவனிக்கிறது. அவர்கள் கொடுப்பதுதான் மலேசியத் தொழில்திறன் சான்றிதழ், எஸ்.கே.எம். என்பது. கல்லூரியில் சேர்ந்து பெறுவது ஒரு வழி, பிள்ளைகளுக்கு ஏற்றது. எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி 2005-இல் வந்தது. அதில் பெரும்பங்குப் பயிற்சி வேலை செய்யும் இடத்திலேயே, மிச்சம் வகுப்பில். மூன்றாவது வழிதான் நம்மைப் போன்ற வயது வந்தவர்களுக்கென்றே அமைந்தது: முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை, பி.பி.டி. என்பார்கள். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. நீங்கள் இன்ன இன்ன வேலை செய்து தேர்ந்தவர் என்பதற்கு ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், தகுதி இருந்தால் சான்றிதழ் தருவார்கள்.

ஆதாரம் என்றால் என்ன? அந்த நோட்டுப் புத்தகம், அந்தப் படங்கள், முதலாளி கொடுத்த கடிதம், சேமநிதிச் சீட்டு. 15 வருடம் பட்டறையில் உழைத்து, கண்ணை மூடிக்கொண்டு கியர் பெட்டியைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள் இந்தச் சிலாங்கூரில் எத்தனையோ பேர். கையில் ஒரு தாள் இல்லாததால் பெரிய கம்பெனிகளின் வாசலில் நிற்க முடியவில்லை. ஆதாரத் தொகுப்பை மலாயில் எழுத வேண்டியிருக்கும். அதற்கு அஞ்ச வேண்டாம். வீட்டில் படிக்கிற பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று தெரியட்டும்.

தோட்டத்திலேயே ஒரு பட்டறை இருக்கிறதே, அதை மறந்துவிட்டோம். டிராக்டர், லாரி, குலை ஏற்றும் சிறு வண்டிகள் எல்லாம் அங்கேதான் பழுது பார்க்கப்படுகின்றன. பிற்பகலில் இரண்டு தொழிலாளரை அங்கே பழக விடுவதால் நிர்வாகத்துக்கு என்ன நட்டம்? நிர்வாகத்தோடு அடுத்த தடவை உட்காரும்போது இதையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறோம். சம்பள உயர்வைப் போல இதற்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனாலும் வைக்க வேண்டும்.

"மின்சாரக் கார் வந்துவிட்டதே, நீ பிளக்கையும் பிஸ்டனையும் பேசிக்கொண்டிருக்கிறாயே" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. புரோட்டோன் கம்பெனி 2024 டிசம்பரில் தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டது. அதில் பிளக்கும் இல்லை, பிஸ்டனும் இல்லை, கறுப்பு எண்ணெய் மாற்றுவதும் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்ததைப் பார்த்த நமக்கு இந்தப் பயம் நியாயமானதே. ஆனால் அந்தக் காருக்கும் டயர் உண்டு, பிரேக் உண்டு, ஸ்டீயரிங் உண்டு, ஏர்கண்டிஷன் உண்டு. ரோட்டில் ஓடும் பழைய வீராவும் மைவியும் ஒரே நாளில் மறைந்துவிடப் போவதில்லை. ஒன்று மட்டும் எச்சரிக்கை: அந்த வண்டிகளில் ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகளில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் இருக்கிறது. அதற்கென்று பயிற்சி பெறாதவர் தொடக் கூடாது. மின்சாரம் தெரிந்த மெக்கானிக்குக்குத்தான் இனி மதிப்பு. ஆகவே பழகுகிறவர்கள் பேட்டரியையும் கம்பியையும் மீட்டரையும் இப்போதே பழகிக்கொள்ள வேண்டும். இஞ்சினோடு நின்றுவிடக் கூடாது.

கடைசியாக, வேலை இழந்தவர்களுக்கு. சொக்சோவின்கீழ் 2018 தொடக்கத்திலிருந்து வேலைக் காப்புறுதித் திட்டம் ஒன்று நடக்கிறது. அதற்கு உங்கள் சம்பளத்திலும் மாதந்தோறும் பிடிக்கிறார்கள். சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஆட்குறைப்பில் வேலை போனால், அதில் உதவித்தொகை மட்டுமல்ல, தொழிற்பயிற்சிக்கு உதவியும் கேட்கலாம். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தானாக வேலையை விட்டவருக்கு இது இல்லை. ஆகவே நிர்வாகம் நீட்டுகிற தாளில் "ராஜினாமா" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்த மேசைக்கு வாருங்கள். பழக விரும்புகிறவர்களின் பெயரும் பிற்பகலில் எந்த நாள் ஒழிவு என்பதும் எழுதிக்கொள்கிறோம். பட்டறையில் ஏற்கெனவே வேலை செய்த குடும்பத்தினர் இருந்தால், அவர்களுடைய பழைய சீட்டு, கடிதம், படம் எதுவானாலும் எடுத்துவரச் சொல்லுங்கள், பி.பி.டி. மனுவுக்கு எது உதவும் என்று உட்கார்ந்து பார்ப்போம். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின் வரிசையில் முணுமுணுத்த அண்ணன் முதலில் கேட்கலாம்.